ஃப்ளோரன்ஸில் இரண்டு நாள்: எதை முதலில் பதிவு செய்வது, எதைத் துணிந்து விடுவது

ரோமிலிருந்து வெனிஸ் போகும் வழியில் ஃப்ளோரன்ஸில் இரண்டு முழு நாள் கிடைக்கிறது. அறுபதைத் தாண்டிய பெற்றோரும் பள்ளிப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள், எல்லோரும் சைவம். எதைப் பார்ப்பது, எதற்கு முன்பதிவு வேண்டும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது கேள்வி.

இரண்டு நாள் போதும். ஆனால் "கட்டாயம் பார்க்க வேண்டிய பதினைந்து இடங்கள்" என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனால் போதாது. இந்த ஊரில் தூரம் பிரச்சினையே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து பேராலயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை, அங்கிருந்து ஆர்னோ ஆற்றுக்கு இன்னொரு பத்து நிமிடம். நாளைத் தின்பது வரிசைகளும் மூடும் நேரங்களும்தான். அது போக, மூன்று மணி நேரம் ஓவியம் பார்த்தால் கால் வலிப்பதற்கு முன்பே கண் சோர்ந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய அருங்காட்சியகம்தான் கணக்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக அமையட்டும்.

கிழமையைப் பார்த்துவிட்டு ஓட்டல் போடுங்கள். உஃபிஸி ஓவியக்கூடம், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்கடேமியா, பிட்டி அரண்மனை மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. பார்ஜெல்லோ சிற்பக்கூடத்துக்கும் பிரான்காச்சி சிற்றாலயத்துக்கும் செவ்வாய் விடுமுறை. பேராலய அருங்காட்சியகம் மாதத்தின் முதல் செவ்வாய் திறக்காது. ஞாயிறு காலை பெரிய தேவாலயங்களில் வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கு இலவசம் என்பதைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம். அன்று முன்பதிவு கிடையாது, ஊர் முழுக்க வரிசையில் நிற்கும். மிச்சமாகும் யூரோவுக்கு அரை நாள் போய்விடும். புதன் முதல் வெள்ளிக்குள் இரண்டு நாள் அமைந்தால் நல்லது.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் பேராலயத்தின் குவிமாடம், பிறகு உஃபிஸி, பிறகு அக்கடேமியா. குவிமாடம் ஏன் முதலில் என்றால், அதற்கு இடம் மிகக் குறைவு, நேரமும் கறார். ஏறுவதற்குப் புரூனலெஸ்கி பாஸ் வாங்க வேண்டும், பெரியவர்களுக்கு 30 யூரோ அளவில் இருக்கும். அதிலேயே மணிக்கோபுரம், ஞானஸ்நான மண்டபம், பேராலய அருங்காட்சியகம், பேராலயத்துக்கு அடியில் இருக்கும் பழைய ஆலயத்தின் அகழ்வு எல்லாம் அடங்கும். பாஸ் மூன்று நாள் செல்லும், ஆனால் குவிமாடத்துக்கு மட்டும் வாங்கும்போதே நாளையும் மணியையும் குறித்தாக வேண்டும். தவறவிட்டால் மாற்றித் தரமாட்டார்கள். குவிமாடம் வேண்டாம் என்றால் அது சேராத பாஸ் பாதி விலைக்கே கிடைக்கும், பெற்றோருக்கு அதை எடுங்கள்.

உஃபிஸிக்கும் அக்கடேமியாவுக்கும் நுழைவுக் கட்டணத்தோடு ஆளுக்கு 4 யூரோ முன்பதிவுக் கட்டணம் சேரும். 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுக் குழந்தைக்கும் நுழைவு இலவசம். ஆனாலும் அவர்களுக்கும் நேரம் பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும். இணையத்தில் தேடினால் அதிகாரப்பூர்வத் தளத்துக்கு முன்பாகவே இடைத்தரகர்களின் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். "வரிசையைத் தாண்டிப் போகலாம்" என்று இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் அதே 4 யூரோ முன்பதிவைத்தான். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாருடைய டிக்கெட்டும் தாண்டாது. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் இடம் தீர்ந்துபோயிருந்தால் மட்டும் வழிகாட்டியோடு சேர்ந்த சுற்றுலாவைப் பாருங்கள்.

உஃபிஸிக்குக் காலை 8.15 மணி முதல் இடம், அதையே பிடியுங்கள். கட்டடத்தின் நீண்ட முற்றத்தில் கதவுகளுக்கு எண் போட்டிருக்கும்: ஒன்று முன்பதிவோடு உள்ளே போக, இரண்டு அப்போதே டிக்கெட் வாங்க, மூன்று முன்பதிவுத் தாளைக் கொடுத்து டிக்கெட்டாக மாற்ற. உங்களிடம் இருப்பது உறுதிச்சீட்டு மட்டும் என்றால் முதலில் மூன்றாம் கதவுக்குப் போக வேண்டும். இது தெரியாமல் ஒன்றாம் கதவில் அரை மணி நின்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். பெரிய பை, குடை, பெரிய தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம்.

உள்ளே பார்வை தொடங்குவது மேல் தளத்தில். படிக்கட்டு நீளமானது, பெற்றோருக்கு லிஃப்ட் உண்டு, ஊழியரிடம் கேட்டால் காட்டுவார்கள். எல்லா அறையையும் பார்க்க நினைக்காதீர்கள். காலையில் வரும் கூட்டம் நேராக ஓவியர் போத்திசெல்லியின் அறைகளுக்கு ஓடும். நீங்களும் முதல் அரை மணியில் அந்த அறைகளுக்குப் போய்விடுங்கள். 'வசந்தம்', 'வீனஸின் பிறப்பு' இரண்டும் அங்கேதான். கண்ணாடி போட்டிருப்பதால் நேர் எதிரே நின்றால் விளக்கொளி அடிக்கும், ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். 'வசந்தம்' ஓவியத்தில் முகங்களைப் பார்த்து முடித்ததும் காலடியைப் பாருங்கள். புல்தரையில் ஒவ்வொரு பூவும் செடியும் தனித்தனியாக, இன்னது என்று சொல்லும்படி வரையப்பட்டிருக்கும். இந்த ஓவியத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உஃபிஸியின் ஓவியங்களை ஊருக்கு வெளியே கோட்டைகளில் ஒளித்து வைத்தார்கள். 1944-இல் மாண்டெகுஃபோனி கோட்டையில் 'வசந்தம்' உள்ளிட்ட ஓவியங்கள் கண்டெடுக்கப்பட்டபோது அங்கே முகாமிட்டிருந்ததும் காவல் நின்றதும் எட்டாவது இந்தியப் படைப்பிரிவின் வீரர்கள். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இன்னும் இரண்டு நிமிடம் நிற்பார்கள்.

கூட்டம் போத்திசெல்லியை நிறைத்த பிறகு பின்னோக்கி வந்து தொடக்க அறையைப் பாருங்கள். ஒரே அறையில் மூன்று பெரிய மாதா ஓவியங்கள்: சிமபுவே, துச்சோ, ஜொட்டோ. எல்லாம் 1280-க்கும் 1310-க்கும் இடைப்பட்டவை. முதல் இரண்டிலும் மாதா தங்கப் பின்னணியில் மிதக்கிறாள். ஜொட்டோவின் மாதா உட்கார்ந்திருக்கிறாள்: முழங்கால் துணியைத் தள்ளிக்கொண்டு முன்னே வருகிறது, உடலுக்கு எடை வந்துவிட்டது. மறுமலர்ச்சி என்றால் என்ன என்று பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த அறையில் பத்து நிமிடம் நிற்பது மேல். பிறகு லியோனார்டோ, மைக்கலாஞ்சலோவின் வட்ட ஓவியம், கீழ்த் தளத்தில் கரவாஜ்ஜோ, ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி. அதோடு நிறுத்துங்கள். இரண்டு தாழ்வாரங்களையும் இணைக்கும் தெற்குப் பக்க ஜன்னலில் பொன்டே வெக்கியோ பாலம் முழுதாகத் தெரியும், படம் எடுக்க அதுவே நல்ல இடம். மூன்று மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். வந்துவிடுங்கள்.

வெளியே வந்தால் சின்யோரியா சதுக்கம். அங்கே நிற்கும் டேவிட் நகல், 1910-இல் வைத்தது. அசல் 1873-இலேயே அக்கடேமியாவுக்குப் போய்விட்டது. சதுக்கத்தில் இருக்கும் அரண்மனையைச் சின்யோரியா அரண்மனை எனப் பழைய பெயரில் தேட வேண்டாம், பலாட்சோ வெக்கியோ என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். அதன் முதல் முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. நெப்டியூன் நீரூற்றுக்கு அருகே குடிநீர்க் குழாய் இருக்கிறது, சாதாரணத் தண்ணீரும் வாயு கலந்ததும் இலவசமாக வரும். காலி பாட்டில் கையில் இருக்கட்டும்.

மதியம் பாலத்தைக் கடந்து ஆற்றின் தென்கரைக்குப் போங்கள். பொன்டே வெக்கியோ 1345-இல் கட்டியது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை மற்றப் பாலங்களை எல்லாம் தகர்த்தது, இதை மட்டும் விட்டது. பாலத்தின் மேல் நகைக்கடைகளும் நெரிசலும்தான், கடந்து போக ஐந்து நிமிடம் போதும். பாலத்தின் அழகு பக்கத்துப் பாலமான சான்ட்டா திரினீட்டாவில் நின்று பார்த்தால்தான் தெரியும். தென்கரையில் பிரான்காச்சி சிற்றாலயம் இருக்கிறது, மசாச்சோவின் சுவரோவியங்கள். அரை மணி நேரத் தவணையாகத்தான் விடுவார்கள், அதற்கும் முன்பதிவு வேண்டும். பிட்டி அரண்மனையையும் அதன் பின்னாலுள்ள போபொலி தோட்டத்தையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். அரண்மனையே அரை நாள் கேட்கும், தோட்டம் முழுக்க ஏற்றம். உஃபிஸியிலிருந்து பாலத்தின் மேலாகப் பிட்டி அரண்மனைக்குப் போகும், 2024 டிசம்பரில் மறுபடி திறந்த வசாரி தாழ்வாரத்தையும் விடலாம். தனியாகக் கூடுதல் பணம் கேட்கிறது, உள்ளே பெரும்பாலும் வெற்றுச் சுவரும் ஜன்னலும்தான். பீசா சாய்ந்த கோபுரத்துக்கு ஓடிப்போய் வருவது இரண்டு நாள் பயணத்தில் வீண் வேலை. போக ஒரு மணி, வர ஒரு மணி, நடுவே நடையும் வரிசையும்.

மாலையில் மைக்கலாஞ்சலோ சதுக்கம். ஆற்றங்கரையிலிருந்து ஏறினால் இருபது நிமிடம், பெற்றோரை 12 அல்லது 13-ஆம் எண் பேருந்தில் ஏற்றிவிடுங்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி முன்னதாகப் போனால்தான் மதில் ஓரத்தில் இடம் கிடைக்கும். கோடையில் சூரியன் மறைவது இரவு 9 மணிக்குச் சற்று முன், டிசம்பரில் 5 மணிக்கும் முன்பே. நாளின் திட்டத்தை இதற்கேற்ப மாற்றுங்கள். இன்னும் ஐந்து பத்து நிமிடம் மேலே ஏறினால் சான் மினியாட்டோ தேவாலயம். வெள்ளையும் பச்சையுமான பளிங்கு முகப்பு, நுழைவு இலவசம், கூட்டம் கீழே இருப்பதில் கால்வாசிகூட இருக்காது. மாலை வழிபாட்டு நேரத்தில் துறவிகள் பழைய கிரிகோரியன் முறையில் பாடுவார்கள்.

இரண்டாம் நாள் காலை குவிமாடம். நுழைவு முன்வாசலில் இல்லை, வடக்குப் பக்கத்துக் கதவில். பையோடு விடமாட்டார்கள், சதுக்கத்திலேயே பை வைக்கும் இடம் உண்டு, அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 463 படி, லிஃப்ட் கிடையாது. புரூனலெஸ்கி 1420 முதல் 1436 வரை, தரையிலிருந்து சாரம் முட்டுக்கொடுக்காமலே எழுப்பிய குவிமாடம் இது. உள் ஓடு, வெளி ஓடு என்று இரண்டு அடுக்கு. நீங்கள் ஏறுவது அந்த இரண்டுக்கும் நடுவே. முதலில் சுழல் படி, பிறகு குவிமாடத்தின் உட்புறம் சுற்றிவரும் நடைபாதை. அங்கே தலைக்கு மேலே 'இறுதித் தீர்ப்பு' சுவரோவியம் வசாரியும் ஸுக்காரியும் வரைந்தது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கையில் சிறிதாகத் தெரிந்த உருவங்கள் எவ்வளவு பெரியவை என்பது இங்கேதான் உறைக்கும். அதற்கு மேல் பாதை குறுகி, சுவர் தலைமேல் வளைந்து சாய்ந்து வரும். செங்கற்களைப் படுக்கையாகவும் இடையிடையே நிமிர்த்தியும் மீன்முள் வடிவில் அடுக்கியிருப்பதைக் கையால் தொடும் தூரத்தில் பார்க்கலாம். ஈரக்காரை இறுகும்வரை கல் சரியாமல் பிடித்து நிறுத்தியது அந்த அடுக்குமுறைதான். பாதி வழியில் முடியவில்லை என்றால் திரும்புவது கடினம். இதய நோய், முழங்கால் வலி, அடைபட்ட இடத்தில் பயம் உள்ளவர்கள் ஏற வேண்டாம். ஜொட்டோவின் மணிக்கோபுரம் 414 படி, ஆனால் நடுநடுவே தளங்கள் வருவதால் உட்கார்ந்து ஏறலாம். மேலிருந்து குவிமாடமே படத்தில் விழும். இரண்டையும் ஒரே நாளில் ஏறுவது தேவையில்லாத வீரம்.

இளையவர்கள் ஏறும் நேரத்தில் பெற்றோர் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். என் கணக்கில் ஊரிலேயே குறைத்து மதிப்பிடப்படும் இடம் அதுதான். லிஃப்ட் உண்டு, உட்கார இடம் உண்டு, மேல் மாடித் திறந்தவெளியில் குவிமாடம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஞானஸ்நான மண்டபத்துக்கு வெளியே எல்லோரும் முண்டியடித்துப் படமெடுக்கும் 'சொர்க்க வாசல்' நகல். 1425 முதல் 1452 வரை கிபெர்ட்டி வார்த்த அசல் கதவுகள் இந்த அருங்காட்சியகத்தில்தான் கண்ணாடிக்குள் இருக்கின்றன. பத்துப் பலகைகளைப் பார்த்த பிறகு சட்டத்தில் இருக்கும் சிறு தலைகளைத் தேடச் சொல்லுங்கள். வழுக்கைத் தலையோடு லேசாகச் சிரிப்பவர் கிபெர்ட்டியே. இறந்த இயேசுவைத் தாங்கும் மைக்கலாஞ்சலோவின் முற்றுப்பெறாத பியெட்டா சிலையும் டொனடெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலேனாவும் இங்கேதான்.

பேராலயத்துக்குள் நுழைவு இலவசம் என்பதால் ஒரு மணி நேர வரிசை சாதாரணம். உள்ளே அலங்காரம் குறைவு, நல்ல சிற்பங்கள் பலவும் நான் சொன்ன அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நேரம் இல்லையென்றால் வருத்தமில்லாமல் விடலாம். ஞானஸ்நான மண்டபத்தின் கூரை மொசைக்கில் சீரமைப்பு வேலை நடப்பதால் சாரம் கட்டியிருக்கும், அது தெரிந்து போங்கள். எல்லாத் தேவாலயத்திலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கோடையில் ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து சான் மார்க்கோ மடம், பத்து நிமிட நடை. பெரும்பாலும் மதியம் 2 மணிக்குள் மூடிவிடுவதால் 12 மணிக்குள் போய்ச் சேருங்கள். படியேறி மேலே திரும்பியதும் எதிரே ஃப்ரா ஆஞ்சலிக்கோவின் 'மங்கள அறிவிப்பு'. துறவிகளின் ஒவ்வொரு அறையிலும் ஒரு சுவரோவியம். பொன்னும் பகட்டும் பார்த்துக் களைத்த கண்ணுக்கு இந்த வெறும் வெள்ளைச் சுவர்கள் இதமாக இருக்கும்.

அக்கடேமியாவுக்கு மாலை 5 மணிவாக்கில் பதிவு செய்யுங்கள். குழுச் சுற்றுலாக்கள் காலையில் மொய்க்கும், மாலையில் கலைந்துவிடும். பெட்டி வைக்க இங்கே இடமில்லை, சாமான் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். டேவிட் 5.17 மீட்டர் உயரம், 1501 முதல் 1504 வரை செதுக்கியது. முன்னால் நின்று படமெடுத்துவிட்டு நகராமல் பக்கவாட்டுக்கு வாருங்கள்: உடல் வியப்பூட்டும் அளவுக்கு ஒடுக்கமாக இருக்கும். வேறு சிற்பிகள் தொட்டுக் கைவிட்ட, ஆழம் குறைந்த பளிங்குப் பாளம் அது. முகமும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புருவம் நெரித்துக் காணும். சிலைக்குப் போகும் வழியில் இருபுறமும் நிற்கும் முடிக்கப்படாத 'கைதிகள்' சிலைகளில் பல்லுளி இழுத்த வரிகள் அப்படியே இருக்கின்றன. டேவிட்டின் மெருகுக்கு முன் பளிங்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அவைதான் காட்டும். இந்தக் கூடத்துக்கு ஒன்றரை மணி தாராளம்.

சாப்பாடு. உணவகங்களின் சமையலறை மதியம் 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30-க்கு மேல்தான். நாலு மணிக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான் கதி. குடும்பத்தோடு போவோருக்கு மெர்க்காட்டோ சென்ட்ராலே சந்தையின் மேல் தளம் வசதி: நாள் முழுக்கத் திறந்திருக்கும், ஆளாளுக்கு வேண்டியதை வாங்கி ஒரே மேசையில் உட்காரலாம். சைவத்துக்குப் பப்பா அல் பொமோதோரோ என்ற தக்காளி ரொட்டிக் கூழ், வெள்ளை பீன்ஸும் கரும்பச்சைக் கீரையும் போட்ட ரிபொல்லீட்டா, காளான் பாஸ்தா, பூண்டு தக்காளி போட்ட பீச்சி என்ற தடித்த பாஸ்தா. ரிபொல்லீட்டாவில் சில இடங்களில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். "சென்சா கார்னே, சென்சா பேஷே" என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று அர்த்தம். தொடக்கத் தட்டில் வரும் குரோஸ்தீனி என்ற சிறு ரொட்டித் துண்டுகளில் பழுப்பாகப் பூசியிருப்பது கோழி ஈரல். தெருவண்டிகளில் விற்கும் லம்ப்ரெதோத்தோ மாட்டு இரைப்பை. பல பாலாடைக்கட்டிகளில் ரென்னட் என்ற, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் இருக்கும், கண்டிப்பான சைவர்கள் பார்மேசானைத் தவிர்க்க வேண்டியதுதான். டஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள், கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ரசீதில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ 'கொப்பெர்த்தோ' இருக்கும், அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை. காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, சதுக்கத்தில் உட்கார்ந்து குடித்தால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு.

முகவரி தேடும்போது ஒரு குழப்பம் வரும். இந்த ஊரில் ஒரே தெருவுக்கு இரண்டு வரிசை எண்கள்: வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம், கடைகளுக்குச் சிவப்பு. எண்ணுக்குப் பின் 'ஆர்' எழுத்து இருந்தால் சிவப்பு எண். அதே எண்ணுள்ள கறுப்புக் கதவு தெருவின் மறுகோடியில் இருக்கலாம்.

தரையில் ஓவியப் பிரதிகளைப் பரப்பி வைத்திருப்பார்கள், தெரியாமல் மிதித்தால் காசு கேட்டு மல்லுக்கு நிற்பார்கள். சுற்றிப் போங்கள். தெருவில் போலிக் கைப்பை வாங்கினால் வாங்கியவருக்கும் அபராதம் உண்டு. வாடகைக் காரில் வருவதாக இருந்தால் பழைய நகருக்குள் ஓட்டவே கூடாது, அனுமதியில்லாத வண்டியைக் கேமரா பிடித்து அபராதத்தை மாதங்கள் கழித்து வீட்டுக்கு அனுப்பும். ரயிலே போதும்: ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி, வெனிஸுக்கு இரண்டு மணியும் சற்றும். டிக்கெட் எடுக்கும்போது நிலையம் சான்ட்டா மரியா நொவெல்லாதானா என்று பாருங்கள். சில ரயில்கள் காம்போ தி மார்ட்டேயிலோ ரிஃப்ரெதியிலோ மட்டும் நிற்கும், நடந்து போக முடியாத தூரம்.

கிளம்பும் நாளில் ஓட்டலில் அறையைக் காலி செய்த பின் இரண்டு மணி நேரம் மிஞ்சினால் பெட்டிகளை நிலையத்தின் பொருள் காப்பகத்தில் போட்டுவிட்டு எதிரே இருக்கும் சான்ட்டா மரியா நொவெல்லா தேவாலயத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை தாமதமாகவும் ஞாயிறு மதியத்துக்கு மேலும் திறப்பார்கள். இடப்பக்கச் சுவரில் மசாச்சோவின் 'திரித்துவம்'. அதற்கு நேரே சில அடி பின்னால் நில்லுங்கள், தட்டையான சுவருக்குள் ஒரு மண்டபம் குடைந்ததுபோல் ஆழம் விழும். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, புறப்பாட்டுக்கு அரை மணி முன் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். நடைமேடை எண் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் பலகையில் வரும், வரும்வரை பலகைக்கு அருகிலேயே நில்லுங்கள்.